நீலச் சாக்பீஸ் வட்டம்

சும்மா நிற்பது எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. அப்படிப்பட்ட என்னைத்தான் சித்தி பாறையோரம் நிறுத்தி, கையில் ஸ்கேலைக் கொடுத்து, ஆடாமல் பிடி என்பாள். நான் ஆடினால் அவள் எடுக்கும் போட்டோ கலங்கிவிடும். ஆடாமல் நின்றால் நான் கலங்கிவிடுவேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பலும் வெள்ளையும் மஞ்சளுமாகத் தேமல் மாதிரிப் படர்ந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதற்கு லைக்கன் என்று பெயர். பிரியாணியில் போடுகிற கல்பாசியும் அந்தக் குடும்பம்தான். நம் பக்கத்தில் என்னென்ன லைக்கன் எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் கண்டுபிடித்து எழுதிவைப்பதுதான் அவள் வேலை. முட்டத்தில் அலை தெறிக்கும் பாறை, ரப்பர் மரம், சர்ச் மதில், பஸ் ஸ்டாப் புளியமரம், எதையும் விடமாட்டாள். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரத்தில் மூக்கு உரச நிற்பாள். “மரத்துக்கிட்ட அப்பிடி என்னம்மா ரகசியம்?” என்று வழியில் போகிறவர்கள் கேட்பார்கள். சித்தி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

“லைக்கன்னா அது ஒரு ஆளு இல்ல மக்கா. ரெண்டு பேரு சேந்து நடத்துத குடும்பம்” என்று ஒருநாள் எனக்குச் சொன்னாள். “பூஞ்சை வீடு கெட்டும். பாசி வெயில வச்சு சோறு பொங்கும்.”

“வெயில் இல்லேன்னா?”

“கொஞ்ச நாளு தாங்கும். பெறவு பட்டினி கெடந்து செத்துப்போவும்.”

சோறு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இது எனக்கு மறக்கவே இல்லை.

அந்த வருஷம் மாமா சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். கருங்கல் என்கிற ஊர்ப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையில், லீவு முடிவதற்குள் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட வேண்டும் என்று வந்திருந்தார். மணல் லாரி வரவில்லை, கொத்தனார் போனை எடுக்கவில்லை என்று காலையிலிருந்தே நடந்துகொண்டிருப்பார். தோசையைக்கூட நின்றபடிதான் தின்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் என்னைப்போல இன்னொரு ஆள்.

மனையின் நடுவில் ஒரு பாறை கிடந்தது. அதன் கிழக்கு முகத்தில், என் உள்ளங்கை அகலத்தில், சாம்பல் பச்சையாக ஒரு லைக்கன். மேலே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சித்திக்கு அதன் பெயர் தெரியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் செதுக்கி எடுத்துக்கொண்டு போய்த் தன் சாரிடம் காட்டினாள். புள்ளிகள் இன்னும் விளையவில்லை, விளைந்தால்தான் பெயர் சொல்ல முடியும், ஒரு மழைக்காலம் போகட்டும் என்றுவிட்டார் அவர். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவள் அதைத்தான் தேடினாள். வேறு எந்தப் பாறையிலும் அது கிடைக்கவில்லை. மனையில் வந்துபோகும் ஆட்கள் மிதித்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றி நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். அது மங்க மங்கத் திரும்பப் போடுவாள்.

பாறையோ, வீட்டுப் பிளானில் சரியாக முன்னறையின் மூலையில் வந்தது.

“அண்ணே, மழை முடியது வரைக்கும் அந்தப் பாறையத் தொடாண்டாம்.”

“மழைக்கு முன்ன எனக்க லீவு தீந்துருமே பிள்ளே. கருங்கல்லுல பாறைக்கா பஞ்சம்? வேற ஒண்ணப் பாரு.”

“எல்லாம் பாத்தாச்சு. வேற எங்கயும் இல்ல.”

“கொள்ளாம். ஊரு முழுக்கத் தேடிட்டு, எனக்க முன்னறையிலதான் கண்டுபிடிச்சிருக்கா.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, பாசிக்கு வேண்டி வீடு கெட்டாம இருக்க முடியுமா? ஆளுவ கேட்டா சிரிக்கும்.”

“நீ அவள ஒண்ணும் சொல்லாண்டாம்” என்று மாமா அம்மாவிடம் சீறினார். படித்தது போதும், கல்யாணம் செய்து அனுப்பலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது, அவள் படிக்கட்டும் என்று சவுதியிலிருந்து போனில் சத்தம் போட்டவர் அவர்தான். ஆனால் பாறை விஷயத்தில் பிடிகொடுக்காமல், சரி பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது சித்தி வானத்தைப் பார்ப்பாள், மழை வராதா என்று. மாமாவும் அதே வானத்தைப் பார்ப்பார், வந்துவிடக் கூடாதே என்று. யார் பக்கம் சேருவதென்று தெரியாமல் நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

கல் போடுகிற ஜெபத்தை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். அன்று காலையில் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு முட்டத்துக்குப் போயிருந்தாள். பாறைபாறையாக ஏறி இறங்கி, உப்பும் வேர்வையுமாக நேரே மனைக்கு வந்தோம். நாற்காலிகள் போட்டிருந்தது. சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போதகரும் வந்துவிட்டார். பாறையைக் காணவில்லை. அது கிடந்த இடத்தில் அஸ்திவாரப் பள்ளம், அதாவது வானம் தோண்டி, கரையில் புதிதாக உடைத்த கல்லைக் குவித்திருந்தார்கள்.

சித்தி விறுவிறுவென்று குவியலுக்குப் போய் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள். நானும் நீல நிறத்தைத் தேடிக் குவியலைச் சுற்றி ஓடினேன்.

“அங்க என்னத்தத் தேடுதிய ரெண்டுபேரும்? இஞ்ச வாங்க” என்று மாமா கூப்பிட்டார்.

தோண்டிய வானத்தின் மூலையில் ஒரு சாக்கு கிடந்தது. அதை அவர் விலக்கினார். உள்ளே அகலமான ஒரு கல். அதன் மேலே நீல வட்டம் முழுசாக இருந்தது. வட்டத்துக்குள் அந்த லைக்கன், ஒரு கீறல்கூட இல்லாமல். வெடி வைக்காமல் உளியால் மட்டும் பிளக்கச் சொல்லி, காலையிலிருந்து ஆட்களின் தலைமாட்டிலேயே நின்றாராம். சோறுகூடத் தின்னவில்லை என்று அம்மா சொன்னாள்.

“எனக்க தங்கச்சி ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சதாக்கும் இது. முற்றத்துல போட்டா கோழி கிண்டும். இந்த வீட்டுக்கு முதல் கல்லு இதுதான்” என்று மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அத்தைமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் அதையும் சேர்த்து ஜெபித்தார்.

எனக்கு ஜெபம் காதில் ஏறவில்லை. மண்ணுக்கு அடியில் வெயில் ஏது? நான் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். “சித்தி, வெயிலு...” என்று தொடங்கினேன். அவள் என் விரல்களை நெரித்தாள். வலித்தது.

ஆமென் சொன்னதும் மாமா கொத்தனாரின் கரண்டியை வாங்கிச் சித்தியிடம் நீட்டினார். முதல் சாந்து அவள்தான் போட வேண்டுமாம். சித்தி வானத்துக்குள் இறங்கி முட்டி போட்டாள். லென்ஸ் கழுத்தில்தான் தொங்கியது, அதை எடுக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே சுற்றிச் சுற்றிச் சாந்து வைத்தாள்.

“நடுவுலயும் போடு பிள்ளே” என்றார் மாமா.

அவள் நடுவிலும் போட்டாள்.

மாமா விமானம் ஏறிப் போனபின் மழை நன்றாகவே பெய்தது. சித்தியின் பட்டியல் பிற்பாடு அச்சில் வந்தது. அதில் ஒரு லைக்கனுக்கு மட்டும் குடும்பப் பெயர் இருக்கிறது, சொந்தப் பெயர் இல்லை. மாமா இப்போது ஊரோடு வந்துவிட்டார். யார் வந்தாலும் முன்னறை மூலையைக் காட்டி, இதுக்கு அடியில எனக்க தங்கச்சிக்க கல்லு கெடக்கு என்பார். சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பாள்.

கல் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் மிக்சரும் பழமும் தின்றுகொண்டிருந்தபோது, அவள் குழாயடியில் கை கழுவினாள். சிமெண்ட் போய்விட்டது. விரலில் நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

“செத்துப்போவும்லா? ஏன் சொல்லல?”

“மாமாவுக்க மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அதான்” என்றாள்.

நான் ஓடிப்போய் மாமா முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். நெற்றியில் வேர்வை. புருவத்தில் கல்தூசி. வாயில் பழத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். என் கேள்விக்கு அதில் எங்கே பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.