அத்தை சாயப்பட்டறைக்கே போனதில்லை

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சாயப்பட்டறைதான் பிழைப்பு. அப்பாவும் பெரியப்பாவும் ஐம்பதைத் தொடுவதற்குள், தலை வலிக்கிறது என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கொதிக்கிற சாயத்தொட்டியின் சூடு தலைக்கேறித்தான் வெடித்தது என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம். அண்ணன் பட்டறையை விடவில்லை. நான் தையலுக்கு மாறிவிட்டேன். தப்பித்துவிட்டோம் என்று ஒரு மிதப்பு வேறு.

ஒரு நாள் காலை, பக்கத்து மெஷின்காரரிடம் வாயடித்துக்கொண்டே தைத்ததில் ஊசி என் ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி ஒடிந்தது. ஊசியை எடுத்துக் கட்டுப்போட்ட டாக்டரம்மா, கையோடு ரத்த அழுத்தமும் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பட்டையைச் சுற்றினார்.

"ஊட்டுல யாருக்காச்சும் ரத்தக்கொதிப்பு இருக்குதுங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா" என்று சாயத்தொட்டிக் கதையை எடுத்துவிட்டேன். அப்பாவின் கூடப்பிறந்த அத்தையும் அப்படித்தான் போனார் என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"அத்தை எந்தப் பட்டறைங்க?"

"அவங்க பட்டறைப் பக்கமே வந்ததில்லீங்க. சாமளாபுரத்துல மாடு வெச்சுப் பால் ஊத்திட்டு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது, அத்தைக்கு ஏது சாயத்தொட்டிச் சூடு? டாக்டரம்மா சிரித்தார்.

"சூட்டு மேல பழி போடாதீங்க தம்பி. இது உங்க குடும்பத்து ரத்தத்துலயே வர்றது. மாத்திரை போட்டு உப்பைக் குறைச்சா அடக்கி வெச்சுக்கலாம். கூடப் பொறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க."

எனக்கு விரல்வலி மறந்து அண்ணன் ஞாபகம் வந்தது. ஒரு வாரமாகத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நேரே பட்டறைக்கு ஓடினேன்.

"உனக்கு வெரல்ல ஊசி ஏறுனா எனக்கெதுக்குடா வைத்தியம்?" என்றார் அண்ணன். கட்டுப்போட்ட கையோடு அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்தேன். வழியெல்லாம் திட்டு. அவருக்கு அழுத்தம் என்னைவிடப் பல மடங்கு மோசம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா அங்கேயே படுக்கவைத்துவிட்டார்.

அப்பா போன வயதை நாங்கள் இருவரும் தாண்டி எத்தனையோ வருடமாகிறது. உப்புக் குறைந்த குழம்பு இலையில் விழும்போதெல்லாம், நான்தான் இதற்குக் காரணம் என்று அண்ணன் இன்றும் திட்டுகிறார். திட்டுவதற்கு அவர் இருக்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துபோகிறது.