கிரைண்டரோடு பேசிய அம்மா

பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியதும், நாளைய ஏற்புரையைப் படித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தொண்ணூறுகளில், காந்திபுரத்தில் குடியிருந்தபோது, அம்மா மகளிர் சேவைச் சங்கத்துக்குத் தலைவியாகத் தேர்வானாள். நாங்கள் கேட்டுவிடுவோமே என்ற வெட்கத்தில், கிரைண்டர் ஓடும்போதுதான் ஏற்புரையைப் பேசிப் பழகுவாள். உளுந்து வாசத்துக்கு நடுவே, "அன்புச் சகோதரிகளே!" என்று கல்லோடு போட்டிபோட்டுக் கத்துவாள். மூன்று வேளையும் இட்லிதான்.

"ஏனுங்க தலைவரம்மா, பதவிக்கு வந்தப்பறமாச்சும் சோறாக்குவீங்களா?" என்பார் அப்பா.

பதவியேற்பு விழாவன்று, நிசப்தமான மண்டபத்தில் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. அப்பா மெல்ல எழுந்து வெளியே போனார். கரண்ட் இருக்கும்போதே ஜெனரேட்டர் உறுமியது. அம்மா நிமிர்ந்தாள், மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு முழங்கினாள்.

நாளை அதே சங்கத்துக்கு நான் தலைவி. சற்றுமுன் அப்பா போன் செய்தார்.

"மண்டபத்து ஜெனரேட்டர் ஓடுதான்னு பாத்துப்போட்டு வந்துட்டேன் கண்ணு."