தொண்டை எரிந்தால் ஆசிட்டாம்

எங்கள் குஸ்தெரெ ஊரில் ஆலிவ் எண்ணெய் என்று வாயைத் திறக்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் வார்த்தை ஆசிட். பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "இந்த வருசம் உங்க எண்ணெய்க்கு ஆசிட் எத்தனை?" என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அளந்துவிட்டுச் சொன்னாலாவது பரவாயில்லை. அளக்க மாட்டார்கள். ஒரு மிடறு குடிப்பார்கள். தொண்டை எரிந்தால் ஆசிட் அதிகம், எரியாவிட்டால் குறைவு. அவ்வளவுதான் இவர்களுடைய விஞ்ஞானம்.

இந்த விஞ்ஞானத்திடம் பதினெட்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தவள் ஸெலிஹா அத்தை. எங்களுக்கு அடுத்த வீடு. சொந்தம் ஒன்றும் கிடையாது. அவள் போடுகிற சத்தம் எங்கள் சுவரைத் தாண்டி வருவதால் அத்தை.

அவள் தெற்கே மிலாஸ் பக்கத்துப் பெண். அங்கே விளைவது மெமெஜிக் என்கிற ஆலிவ் காய். அதன் எண்ணெய் பச்சையாக, புல்லை நறுக்கிய வாசனையோடு, தொண்டையில் மிளகை வைத்த மாதிரி இறங்கும். அதைக் குடித்து வளர்ந்தவளைத்தான் ஸப்ரி மாமா கட்டிக்கொண்டு இந்த வளைகுடாக் கரைக்கு வந்தார். எங்கள் காய் அய்வாலிக். சாதுவான காய் என்று பெயர். மரத்திலேயே விட்டு, கறுத்து, சுருங்கி, கீழே விரித்த வலையில் தானாக விழுந்த பிறகு பிழிந்தால் மஞ்சளாக வெண்ணெய் போல வரும். ஊருக்கு அதுதான் ருசி. ஸெலிஹா அத்தை வந்த முதல் வருடமே, அக்டோபரில், காய் பாதி பச்சையும் பாதி ஊதாவுமாக இருக்கும்போதே காயைக் கோதி உதிர்க்கிற சீப்பை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டாள்.

"சாதுவாம். நீங்க அதைக் கிழவியாக்கிட்டுப் புழியுறீங்க. வயசுல புழிஞ்சு பாருங்கடா, உங்க நாக்கைப் புடிச்சு இழுக்கும்."

காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் ஆலையில் இருக்க வேண்டும் அவளுக்கு. பத்து கிலோ காய்க்கு ஒரு கிலோ எண்ணெய்கூட வராது. சும்மா இருந்து ஜனவரியில் பிழிந்தால் இரண்டு மடங்கு வரும். அவளுடைய கொழுந்தன் ருஸ்தெம் இதைச் சொல்லிச் சொல்லியே தலைமுடியைக் கொட்டிவிட்டார். அவருடைய வழி வேறு. தரையில் கிடப்பது, மரத்தில் தொங்குவது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கொட்டகையில் அடுக்கி, இரண்டு வாரம் கழித்து ஆலைக்குப் போவார். ஒருநாள் ஸெலிஹா அத்தை என் கையைப் பிடித்து அந்தச் சாக்குக்குள் விட்டாள்.

"எப்படி இருக்கு?"

"சுடுது அத்தை."

"காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி சுடுதுல்ல? இதைத்தான் இவன் எண்ணெய்ங்கறான்."

அந்தச் சாக்கிலிருந்து ஊறிப்போன ஊறுகாய் வாடை வந்தது. எண்ணெய் வாசனை என்றாலே அதுதான் என்று நினைத்து நான் பதினாறு வருடம் வளர்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஸப்ரி மாமா நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். நூற்று நாற்பது மரமும் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் கிடந்தது; அவளும் ருஸ்தெமும் ஆளுக்குப் பாதி பறித்தார்கள். போன கோடையில் ருஸ்தெம் காபிக்கடையில் ஊர்த்தலைவரை சாட்சி வைத்துக்கொண்டு ஒரு பேச்சை முடித்தார்: இந்த வருடம் மதினியின் எண்ணெய் சங்கத்தின் முதல் தொட்டிக்குப் போனால் மரம் காலத்துக்கும் அவள் கையில். போகாவிட்டால் இவர் கையில். காபிக்கடைக்குள் பெண்கள் போக மாட்டார்கள். ஸெலிஹா அத்தை போனாள். உட்காராமல் நின்றுகொண்டே, "சரி," என்றாள்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று தொட்டி. முதல் தொட்டி, அப்படியே சாப்பிடுகிற எண்ணெய். இரண்டாவது, சமையலுக்கு. மூன்றாவதை சோப்புத் தொட்டி என்போம். எது எங்கே போகிறது என்று சொல்கிறவர் பெஹ்செத். சங்கம் கொள்முதலைத் தொடங்குவது வருடக் கடைசியில். அதுவரை அத்தையின் எண்ணெய் பதினெட்டு தகர டின்னில் இருட்டறையில் கிடந்தது. ஜனவரியில் ஒரு மழைக்காலையில் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். மழைக்கு ஒதுங்கிய காபிக்கடைக் கூட்டம் முழுக்க சங்கத்துக்குள் நின்றது. ருஸ்தெமும் இருந்தார், ஊர்த்தலைவரும் இருந்தார்.

பெஹ்செத் ஒரு டீ கிளாஸில் எண்ணெயை ஊற்றி, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, உறிஞ்சினார். இருமினார். மறுபடி இருமினார்.

"ஆசிட். சோப்புத் தொட்டி."

"அளக்கவே இல்லையே பெஹ்செத் அண்ணே."

"ரெண்டு தடவை இருமினேனே, கேக்கலையா? முப்பது வருசமா இந்தத் தொண்டை தப்பு சொன்னதில்ல."

"முப்பது வருசமா சிகரெட் ஊதின தொண்டை. தார் ரோடு இதைவிட நல்லா ருசி பாக்கும்."

கூட்டம் சிரித்தது. ருஸ்தெம் சிரிக்கவில்லை. அவருக்கு அவசரம்.

"விடுங்க மதினி. உங்க நாக்கு மிலாஸ்லயே வெந்துபோச்சு, உங்க மேல தப்பில்ல. மரத்தை நான் பாத்துக்கறேன். நீங்க உக்காந்து டீ குடிங்க."

"உக்காரச் சொல்ல நீ யாருடா? உங்கண்ணன் இருக்கும்போதே நான் உக்காந்தது கிடையாது." பெஹ்செத்திடம் திரும்பினாள். "குழாயை எடுங்க. அளங்க."

மேசைமேல் அந்தக் கண்ணாடிக் குழாய் தூசி படிந்து நின்றது. குடுவையில் எண்ணெயோடு சாராயத்தை ஊற்றி, நிறம் காட்டுகிற சொட்டு விட்டு, ஆசிட்டை முறிக்கிற காரத்தைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்திவிட்டு, எத்தனை கோடு இறங்கியது என்று பார்க்க வேண்டும். எட்டுக் கோட்டுக்குள் வந்தால் முதல் தொட்டி. இருபதைத் தாண்டினால் சோப்பு.

"நிறம் காட்டற சொட்டு தீந்துபோச்சு," என்றார் பெஹ்செத்.

"எப்ப?"

"போன ரமலானுக்கு முன்ன."

அதாவது ஒரு வருடம் பூராவும் ஒரு ஊரின் எண்ணெய் ஒரு மனிதனின் இருமலில் ஓடியிருக்கிறது. ஸெலிஹா அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முக்காடு மாதிரி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இறுக்கி, மறுபடி கட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சொட்டு என்னிடம் ஒரு புட்டி இருந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எடுத்தது. சோப்புத் தண்ணீரில் அது பட்டால் ரோஸாகும் என்று தெரிந்துகொண்டு, அதிகாரி சோதனைக்கு வந்த நாளில், தாழ்வாரம் கழுவுகிற வாளியில் பாதியைக் கலந்துவிட்டேன். ஒரு வாரம் வராதே என்றார்கள். நான் தாராளமாக அதற்கப்புறமும் போகாமலே இருந்துவிட்டேன். மழையில் ஓடிப்போய் மீதியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.

"இது ஏது ஜெய்லான்?" ஊர்த்தலைவர் என்னைக் கேட்டார். "பள்ளிக்கூடம் ரோஸா ஆச்சே, அந்த இதுவா?"

"அதேதான்."

"அப்ப வேலை செய்யும்," என்றார். "அளங்க பெஹ்செத்."

பெஹ்செத்துக்கு வேறு வழியில்லை. அத்தையின் எண்ணெய் முதலில். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. மூன்றாவது கோட்டில் குடுவை முழுக்க ரோஸ்.

"எரியுதே, எப்படி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எரியுறது காயோட உசுருடா. ஆசிட்டை நாக்கால பாக்க முடியாதுன்னு பதினெட்டு வருசமா கத்துறேன்." சொல்லிவிட்டு ருஸ்தெமைப் பார்த்தாள். "இப்ப இவனோடதை ஊத்துங்க."

"என்னோடது எதுக்கு? என்னோடது எரியவே எரியாதே."

"அதுக்குத்தான்."

ருஸ்தெமின் எண்ணெய் மூன்று நாளைக்கு முன்பே முதல் தொட்டிக்குள் போயிருந்தது. மாதிரிப் புட்டி அலமாரியில் இருந்தது. எட்டு போனது. பன்னிரண்டு. குடுவையைக் குலுக்கிக் குலுக்கி பெஹ்செத்தின் கை வலித்தது. இருபது. கூட்டம் சேர்ந்து எண்ணத் தொடங்கியது, கல்யாண வீட்டு விளையாட்டு மாதிரி. இருபத்தாறில் ரோஸ் வந்தது. வெண்ணெய் மாதிரி எண்ணெய், சோப்புக்குப் போக வேண்டியது, எல்லோரும் சாப்பிடுகிற தொட்டிக்குள்ளே.

"சரி, ஸெலிஹாவோடது முதல் தரம்," என்றார் பெஹ்செத், யாரையும் பார்க்காமல். "ஊத்திருங்க."

"எங்கே? இவன் சாக்கு நாறுற தொட்டியிலயா? முதல்ல அதைக் காலி பண்ணுங்க."

"அதெல்லாம் சங்கம் கூடித்தான் முடிவு பண்ணணும்."

ருஸ்தெமுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "ஊத்தலைன்னா மரம் எனக்கு. முதல் தொட்டிக்குப் போகணும், அதான் பேச்சு. தலைவர் சாட்சி."

ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பேச்சு அதுதான், மறுக்க முடியவில்லை. ஊற்றினால் ஒரு வருட உழைப்பு அந்த நாற்றத்தைக் கழுவப் போய்விடும். ஊற்றாவிட்டால் மரம் போய்விடும். இப்படி ஒரு இடுக்கில் ஒருத்தியை நிறுத்திவிட்டு, எல்லோரும் மழையைப் பார்ப்பது போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்கள். அத்தனை பேர் கன்னத்திலும் ஆளுக்கொன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஸெலிஹா அத்தை மேசையைப் பார்த்தாள். பெஹ்செத் குடித்து மீதி வைத்த டீ கிளாஸ் அங்கே இருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சை எண்ணெய். அதை எடுத்துக்கொண்டு முதல் தொட்டியின் ஏணியில் ஏறினாள். மூடியைத் தூக்கினாள். கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் எண்ணெய் முதல் தொட்டிக்குப் போயிருச்சு. எவ்வளவுன்னு பேச்சுல இல்ல. தலைவரே, பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் தலைவர். அவர் உதடு துடித்தது, சிரிப்பா பயமா தெரியவில்லை.

"இதெல்லாம் ஒரு நியாயமா?" என்றார் ருஸ்தெம்.

"இல்ல. நீ ஆரம்பிச்சதுதான்."

பதினெட்டு தகரத்தையும் மறுபடி டிராக்டரில் ஏற்றினோம். யாரும் கை கொடுக்கவில்லை. பாதி வழியில் என்னிடம் கையை நீட்டினாள்.

"அந்தப் புட்டியைக் குடு."

"ஸ்கூல்ல திருப்பிக் குடுக்கறதுக்கா அத்தை?"

"குடுக்கலாம். அந்தத் தொட்டியை அளந்தப்புறம்."

சங்கம் இன்னும் கூடவில்லை. அவள் செவ்வாய்தோறும் போய் வாசலில் நிற்கிறாள், இடுப்புத் துணிப் பையில் புட்டியோடு. அவள் தலை தெரிந்தால் பெஹ்செத் இருமலை அடக்கிக்கொள்கிறார். ருஸ்தெம் அவள் மரத்துப் பக்கம் வருவதில்லை. தகரங்கள் அவள் வீட்டில்தான் இருக்கின்றன. யார் வாங்குவார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நேற்று சூடான ரொட்டியில் ஊற்றி என் கையில் திணித்தாள். எனக்கு இருமல் வந்து கண்ணில் நீர் வந்தது.

"எரியுதா?"

"எரியுது."

"முழுங்கு," என்றாள், அந்தக் கோபம் கொஞ்சமும் குறையாமல். "நாளைக்கு செவ்வாய்க்கிழமை. வர்றியா?"