விண்கல மருத்துவரின் இரண்டு குரல்கள்

டப்பிங் கூடத்தில் அவரை எல்லோரும் வில்லன் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறமொழிப் படங்களில் வரும் கொலைகாரர்கள், கடத்தல்காரர்கள், சொத்துக்காக அண்ணனை மலையிலிருந்து தள்ளிவிடுகிற தம்பிகள் எல்லோருக்கும் தமிழ் பேசி வந்தவர். ஆள் என்னவோ பரம சாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பார்.

மைக் முன்னால் உட்காருமுன் ஒரே கேள்வி கேட்பார்: "நல்லவனா, கெட்டவனா?" நல்லவன் என்றால் குரல் நெஞ்சிலிருந்து வரும். கெட்டவன் என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாக்கியத்தின் வாலில் ஓர் உறுமலை ஒட்டுவார். யாரும் சொல்லித் தந்ததல்ல. பதிவு அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்தது.

வம்பு ஒரு விண்வெளித் தொடரில் வந்தது. அதில் அவருக்குக் கிடைத்தது விண்கலத்தின் மருத்துவர். முதல் பகுதியிலேயே அந்த மருத்துவர், மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தன் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிக் கொடுக்கிறார். அடுத்த காட்சியில் கலத்தின் குடிநீரை எதிரிகளுக்கு ரகசியமாகத் திருப்பிவிடுகிறார்.

"மேடம், இவன் நல்லவனா, கெட்டவனா?"

டப்பிங் இயக்குநர் அவரைவிடப் பல வயது இளையவர். "ரெண்டும்தான் சார். அதுதான் அந்த கேரக்டரோட அழகே."

"அழகு இருக்கட்டும். நான் எந்தத் தொண்டையில பேசுறது?"

"நீங்க பார்க்காததா சார்? பார்த்துப் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு இயக்குநர் வேறொரு பதிவுக்கு ஓடிவிட்டார்.

அவர் மனசாட்சிப்படி செய்தார். குழந்தையிடம் நெஞ்சுக் குரல். எதிரியிடம் உறுமல். தொடர் ஒளிபரப்பானதும் நேயர்கள் சேனலுக்குப் போன் போட்டார்கள். "அந்த ரெட்டைப் பிறவி டாக்டர்கள்ல மூத்தவர் யாருங்க?" ஓர் அம்மா கெஞ்சவே செய்தார்: "தம்பியைப் பிடிச்சு உள்ள போடுங்க சார். அண்ணன் பாவம்."

அடுத்த பதிவில் ஒரே குரல் வராவிட்டால் வேறு ஆள் என்று சேனல் சொல்லிவிட்டது. அவருக்கு அப்போது கையில் இருந்ததே அந்த ஒரு வேலைதான். சினிமா வில்லன்கள் எல்லாம் தாலாட்டுப் பாடுவதுபோல மெல்லப் பேசத் தொடங்கி, உறுமலுக்குக் கிராக்கி குறைந்திருந்தது.

பதிவன்று காலையிலிருந்து முயன்றார். உறுமலில் தொடங்கி நெஞ்சில் முடித்தார்.

"வில்லனுக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு சார்."

நெஞ்சில் தொடங்கி உறுமலில் முடித்தார். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா..." மீதியைச் சொல்லாமல் இடைவேளை விட்டார்.

அவர் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது. மனைவி. வீட்டில் சமையலறைக் குழாய் பல நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"பிளம்பர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"பிளம்பர்கிட்ட சொல்லாம இருப்பேனா? வந்துட்டே இருக்காரும்மா, நீ கவலையே படாதே. பக்கெட்டை மட்டும் நீ தூக்காத, இடுப்பு பிடிச்சுக்கும். நான் வந்து தூக்குறேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தார். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

"பிளம்பர்கிட்ட சொல்லவே இல்லைல்ல?"

அவருக்கு முகம் சிவந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பிளம்பர் சுத்தப் பொய். இடுப்பு நிஜம். ரெண்டும் ஒரே குரல்ல வந்துச்சு! காலையிலேர்ந்து இதுக்குத்தானே சார் உயிரை விடுறேன்!"

"அது பொய் இல்லைங்க மேடம்." அவருக்கு நிஜமாகவே வருத்தம். "சமாளிப்பு."

"டாக்டரும் சமாளிக்கத்தான் செய்றாரு. பேசுங்க."

திரையில் பெண் கேப்டன் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். அவர் அவளுடைய தலைக்கவசத்துக்குள் தன் மனைவியின் முகத்தைப் பொருத்திக்கொண்டார். "தண்ணி வந்துட்டே இருக்கு கேப்டன், நீங்க கவலையே படாதீங்க."

முதல் முறையிலேயே ஓகே ஆனது. வேலை போகாமல் தப்பியது.

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது வீட்டில் மனைவியும் மகளும் சோபாவில் இருந்தார்கள். சமையலறையில் பக்கெட்டில் சொட்டுச் சத்தம். மருத்துவர் அந்த வசனத்தைச் சொன்னதும் மகள் கைதட்டினாள். மனைவி ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்தாள்.

"இந்தக் குரலை எனக்குத் தெரியும்."

"என் குரல் உனக்குத் தெரியாம இருக்குமா?"

"'வந்துட்டே இருக்காரும்மா, நீ கவலையே படாதே.'" அதே ராகத்தில் சொல்லிக் காட்டினாள். "ஆமா, நம்ம கல்யாண நாளன்னிக்கு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னீங்களே..."

"அன்னிக்கு நிஜமாவே டிராஃபிக்ம்மா, நீ வேற..."

"அப்பா, அதே குரல்!" என்றாள் மகள்.

எதிர்வீட்டில் வாங்கி வைத்திருந்த பிளம்பர் எண்ணை மனைவி நீட்டினாள். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, குழாய் ஒழுகுகிறது என்றார்.

"கிளம்பிட்டேன் சார்," என்றது மறுமுனை. "இதோ, உங்க தெருமுனையிலதான் இருக்கேன். கவலையே படாதீங்க. தரையெல்லாம் ஈரமா இருக்கும், பார்த்து நடங்க, வழுக்கிடப் போகுது."

அவர் இன்னும் முகவரியே சொல்லியிருக்கவில்லை.

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, போனைக் காதுக்கு இன்னும் அருகே கொண்டுபோனார்.

"எங்க, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."