வலிப்புக்கு ஒரு பாடவேளை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அம்மா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தப் பெண் கேட்காமலேயே பதில் சொல்வாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்த ரகம்.

ஒரு நாள் கணக்குப் பாடவேளையில் கரும்பலகைக்கு முன் நின்றிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்தது. சத்தம் கேட்டு நான் அடுத்த கட்டடத்திலிருந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கணக்கு ஆசிரியர் தன் பைக் சாவியை அவள் உள்ளங்கையில் திணித்திருந்தார். யாரோ பல்லுக்கு நடுவே கரண்டியை விட்டதில் உதடு கிழிந்து ரத்தம். சட்டையெல்லாம் தண்ணீர். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தார்கள். அந்த நல்லெண்ணத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அவள் அம்மாவை அழைத்து, கொஞ்ச காலம் பெண் வீட்டிலேயே இருக்கட்டும், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று பதமாகச் சொன்னார். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு மாத்திரை வாங்குவதையும், நடுவில் அது தீர்ந்துபோனதையும் அந்த அம்மா சொல்லிப் பார்த்தார். பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதையும் சொன்னார். தலைமையாசிரியர் மனம் மாறவில்லை. அந்த அம்மா வெளியே வந்து என்னிடம்தான் கேட்டார்.

"ஊட்ல தனியா வுட்டுட்டு நான் எப்பிடி டீச்சர் கம்பெனிக்குப் போவேன்? இங்கனா வகுப்பு நெறய ஆளுங்க இருக்காங்க. அங்க விழுந்தா யாரு இருக்கா?"

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். பள்ளிக்கூடத்தைவிட அவளுக்குப் பாதுகாப்பான இடம் கிடையாது, அவளை அனுப்ப வேண்டாம் என்றேன்.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா வருவீங்க?" என்றார்.

"வருவேன் சார்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மாலை ரயிலில் உட்கார்ந்து கைபேசியில் தேடினேன். முதலில் வந்ததெல்லாம் குப்பை. வெங்காயத்தை முகரச் சொல்லும் ஒருவர், எண்ணெய் விற்கும் ஒருவர். கவரைப்பேட்டை தாண்டிய பிறகு, பள்ளி ஆசிரியர்களுக்கென்றே இலவசமாகச் செய்த சுகாதாரப் பாடங்கள் உள்ள தளம் ஒன்று கிடைத்தது. ஒரு குட்டிக் கார்ட்டூன் படம், ஆசிரியருக்கான குறிப்பு, பிள்ளைகளுக்கான கேள்விகள். எல்லாம் ஆங்கிலத்தில். வாயில் எதையும் வைக்காதே. கை காலை அமுக்காதே. தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வை. இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. சாவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்துக்கொண்டே மீஞ்சூரில் இறங்காமல் அத்திப்பட்டு வரை போய்விட்டேன்.

அந்தப் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டலாமா என்று அம்மாவிடமும் பெண்ணிடமும் கேட்டேன். அம்மா தயங்கினார். அவள் தயங்கவில்லை.

"என்னப் பத்தி நீங்க சொல்ல வேணாம் மிஸ். நானே சொல்றேன்."

ஹைடெக் லேபில் திரை இருந்தது, நெட் இல்லை. என் கைபேசி நெட்டில் இணைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, படத்துக்கு நானே தமிழில் பேசினேன். பிறகு அவள் எழுந்தாள். வருவதற்கு முன் ரப்பர் எரியும் நாற்றம் அடிக்கும் என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது என்றாள்.

"கண்ணத் தொறந்தா எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு நிக்கிறீங்க. அதான் எனக்குப் பேஜாரு. வலிப்பு இல்ல."

ஒரே டிபனில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று ஒரு பையன் கேட்டான். ஒட்டாது, ஆனாலும் உன் டிபன் எனக்கு வேண்டாம் என்று அவளே சொல்லவும் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் வகுப்பிலேயே கனமான பையனைத் தரையில் படுக்கவைத்து, ஒருக்களித்துப் புரட்டப் பழகினோம்.

தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். பாடத்திட்டத்தில் இல்லாததற்கு ஒரு பாடவேளை போய்விட்டது என்று பிறகு சொன்னார். அடுத்து எட்டாம் வகுப்புக்கும் எடுக்கப்போவதாகச் சொன்னேன். எடுத்தேன். ஆசிரியர் அறையிலும் போட்டுக் காட்டினேன். கணக்கு ஆசிரியர் முழுவதும் பார்த்துவிட்டு, இருந்தாலும் இரும்புக்கு ஒரு சக்தி உண்டு என்றார். வைத்துக்கொள்ளுங்கள், அவள் கையில் மட்டும் வைக்காதீர்கள் என்றேன்.

காலாண்டுத் தேர்வு சமயத்தில் காலை வழிபாட்டில் அவள் மறுபடி விழுந்தாள். நான் வரிசையின் மறுகோடியில் இருந்தேன். அவள் பக்கத்தில் நின்ற பெண் துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள். இன்னொருத்தி கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். டிபன் கேள்வி கேட்ட பையன் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று அதட்டினான். மொத்தப் பள்ளியும் திரும்பி நின்றது, ஆசிரியர்கள் உட்பட. தலைமையாசிரியர் ஆம்புலன்ஸுக்கு அழைக்கக் கைபேசியைத் தயாராக வைத்திருந்தார். தேவைப்படவில்லை. அவள் கண் விழித்தபோது எங்கள் முதுகுகளைத்தான் பார்த்திருப்பாள். மதியம் தேர்வு எழுதினாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அதன் பிறகு தலைமையாசிரியர் எடுக்கவில்லை. என்னைப் பாராட்டவும் இல்லை. அவள் பத்தாம் வகுப்பு முடித்து, இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

அந்தப் படத்துக்கு நான் பேசிய தமிழை ஒலிப்பதிவு செய்து, தளத்தின் இணைப்போடு மாவட்ட அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பலர் கட்டைவிரலைக் காட்டினார்கள். இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

யாரும் கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை என்று பதில் எழுதினேன். அவர் வகுப்பிலும் போட்டுக் காட்டச் சொன்னேன்.