பத்துப் பொருத்தமும் ஒரு எரிமலையும்

தங்கைக்கு வந்த வரனுக்குப் பத்துப் பொருத்தமும் கூடியிருந்தது. மாப்பிள்ளை போர்ட் பிளேரில் அரசாங்கக் கட்டட எஞ்சினியர். அப்பா இல்லாத வீட்டில் சரி சொல்ல வேண்டியவன் நான்தான். அது எழுபதுகளின் கடைசி. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு காந்தி மார்க்கெட் வெல்ல மண்டிக்குப் போனவனுக்கு, பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கும் கெட்ட பழக்கம் இருந்தது. அந்தமான் பக்கம் ஒரு தீவே எரிமலை, அந்த வட்டாரமே அடிக்கடி ஆடும் என்று அதில் போட்டிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, பொருத்தம் பார்த்த ஜோசியரிடமே போனேன். "பதினோராவதா அந்த ஊருக்கும் பார்த்துச் சொல்லிடுங்களேன்."

"பார்த்துடலாம். பூமி பொறந்த நேரம் தெரியுமா உமக்கு?" என்றார்.

பெண் பார்க்க உறையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று அவர்கள் கேட்பதற்குள், பூமி ஏன் ஆடுகிறது என்று நான் மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டேன்.

அவர் அசரவில்லை. தான் உட்கார்ந்திருந்த கோரைப்பாயை விட்டு எழுந்து, அதன் ஓரத்தை அடுத்த பாய்க்கு அடியில் செருகித் தள்ளினார். "கடலடித் தரை இப்படித்தாங்க தீவுக்குக் கீழ நுழையுது. நகம் வளர்ற வேகந்தான். ஆனா ஒழுங்கா வழுக்காது, சிக்கிக்கும். மேல இருக்கறதும் சேர்ந்து வளையும். தாங்கற வரைக்கும் தாங்கிட்டு..."

பாய் விருட்டென்று விடுபட்டது. மேலிருந்த காபி டம்ளர் அவருடைய அம்மாவின் பட்டுப்புடவையில் கவிழ்ந்தது.

"இதான் பூகம்பம்" என்றார்.

"காட்டறதுக்கு என் புடவைதான் கெடச்சுதா?" என்றார் அம்மா.

"எரிமலைங்க?" என்றேன்.

"கீழ போற தரை தண்ணியையும் கொண்டுபோகும். ஆழத்துல அது பிழிபட்டு, மேல இருக்கற சூடான பாறைக்குள்ள ஏறும். தண்ணி சேர்ந்தா பாறை சீக்கிரம் உருகும். உருகினது மேல வரும்."

"வெல்லத்துல கொஞ்சம் தண்ணி விட்டா சீக்கிரம் பாகாயிடுமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதாங்க!" அவருக்கு ஒரே சந்தோஷம். நானோ அதுவரை புரியாமல் பயந்தவன், இப்போது நன்றாகப் புரிந்து பயந்தேன்.

"மெட்ராசுக்கு மாத்தல் வாங்கிக்க முடியுங்களா?"

அவருடைய அம்மா எழுந்துவிட்டார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா நேரா சொல்லுங்க. எரிமலையைச் சாக்கு சொன்ன வீட்டை இப்பத்தான் பார்க்கிறேன்."

வரன் கைநழுவிய மாதிரிதான். அப்போது, கூப்பிடாமலே தங்கை கூடத்துக்கு வந்து நின்றாள். நேராக அவரிடமே கேட்டாள்: "வீடு ஆடினா என்னங்க செய்வீங்க?"

"வெளியில ஓடிருவோம். மர வீடு, தகரக் கூரை. ரெண்டே எட்டுல தெரு."

"எங்கண்ணன் மழை தூறினாலே வெளிய விடமாட்டார். ஆடினா வெளிய ஓடலாம்னு சொல்ற ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு."

அவருடைய அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறைபட்ட புடவையோடு திரும்ப உட்கார்ந்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி சொல்வதைத் தவிர எனக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. இருந்தாலும் ஒன்று கேட்டேன்.

"வாசக்கதவு உள்பக்கம் தொறக்குமா, வெளிப்பக்கமா?"

மாப்பிள்ளை யோசித்தார். "உள்பக்கம்."

"முதல்ல அதை மாத்துங்க. முகூர்த்தத்தை அப்புறம் குறிக்கலாம்."