தோளில் மிஞ்சிய விரல்கள்

கறுப்பு டி-ஷர்ட்டை அச்சு எந்திரத்தின் தட்டில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிடுகிறாள் ஓலெட்டா. வெறும் துணியை ஒரு தரம் அழுத்தி ஈரம் போக்கிய பிறகுதான் படம் அச்சிட்ட தாளை வைத்து அழுத்துவது. சூடு சற்று அடங்கியதும் மூலையிலிருந்து தாளை உரிக்க வேண்டும்; அவசரப்பட்டால் முகம் கிழிந்துவிடும். அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. வீணாய்ப்போன சட்டைகளிடம் கற்றுக்கொண்டாள்.

அமெரிக்க நகரொன்றின் இந்தக் கறுப்பர் வட்டாரத்தில் ஒரு சாவு என்றால், சவப்பெட்டிக்குச் சொன்ன கையோடு நினைவுச் சட்டைக்கு அவள் கடைக்கு ஆள் வந்துவிடும். இறந்தவர் படம், மேலே பெயர், பிறந்த நாளுக்கு 'உதயம்', இறந்த நாளுக்கு 'அஸ்தமனம்'. இந்த முறை ஜமாரியன். வயது பத்தொன்பது. காரை நிறுத்தச் சொன்ன போலீஸ்காரர் சுட்டுவிட்டார். நாளை கண்டன ஊர்வலம்.

"ஊர்வலம் போய் இதுவரைக்கும் என்னத்தக் கிழிச்சோம்? நம்ம கடைக் கண்ணாடிதான் உடையும், நம்ம பசங்க மண்டைதான் உடையும்" என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, தேவாலய ஊழியரான டீக்கன் லூஷியஸ். "என் மருமகனும் போலீஸ்தான். அவன் என்ன வெள்ளைக்காரனா?"

சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த கடை உதவியாள் ரோசெல் நிமிரவில்லை. "யூனிஃபார்மை மாட்டிட்டா அவருக்கு அந்தக் கலர்தான், டீக்கன். வீட்டோட கெடந்தவங்கள மட்டும் விட்டுவெச்சாங்களா?"

"வாய்டி உனக்கு! நாளைக்குப் போலீஸ் கண்ணீர்ப்புகை அடிக்கட்டும், அப்பத் தெரியும்."

"கண் கழுவத் தண்ணி கொண்டாந்து நில்லுங்க, புண்ணியமாப் போகும்."

வேறு நாளென்றால் ஓலெட்டா இருவரையும் ஒரு பிடி பிடித்திருப்பாள். இன்று அடுத்த சட்டையைத் தட்டில் விரித்தாள். ஜமாரியனின் தாய் கொடுத்த படத்தில் இரண்டு பேர். பள்ளி முடித்த அன்று, அவன் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு ஓலெட்டாவின் மகன் கீனன். கூட நிற்பவரை வெட்டி எடுப்பது அவளுக்கு அன்றாட வேலை. மகனை வெட்டினாள். ஜமாரியனின் தோளில் நான்கு விரல்கள் மிஞ்சின. அவற்றையும் அழித்தாள். அதே படத்தை மறுபக்கமாக வெட்டினால் கீனனுக்கும் இப்படியொரு சட்டை ஆகிவிடும் என்ற நினைப்பு அப்போது வந்தது.

கீனன் உள்ளே வந்தான். "என் சட்டை எங்கம்மா?"

"உன் சைஸ் தீந்துபோச்சு."

"அலமாரியில அடுக்கியிருக்கே."

ரோசெல் மடிப்பதை நிறுத்தினாள். அவன் மேசையிலிருந்த சட்டையொன்றை எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"என் கை எங்க?"

"யார் கைன்னு போலீஸ்காரங்க தேடிட்டு வருவாங்கடா."

"வரட்டும். அவன் தோள்ல என் கை இருந்துச்சும்மா."



ஓலெட்டா கணினியில் பழைய படத்தைத் திறந்தாள். இம்முறை விரல்களை விட்டு வெட்டினாள். அலமாரியிலிருந்து அவன் அளவில் ஒன்றை எடுத்து, ஈரம் போக்கி, படம் வைத்து அழுத்தினாள். ஆறும்வரை எந்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். தாளை உரித்தாள், ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

"பஸ்ஸுல இப்படியே போட்டுட்டுப் போ. அங்க போய்த் திருப்பிக்கோ" என்று, படம் உள்ளே போகும்படி சட்டையைப் புரட்டி அவனிடம் நீட்டினாள்.